புரிகிறது என்கிறாள், மார்க் வரவில்லை: உயர்நிலை வகுப்புக் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி: மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்த குடும்பம் நாங்கள். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு வகுப்பில் எல்லாம் புரிகிறது என்கிறாள். வீட்டிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறாள். ஆனால் டெஸ்டில் நாற்பது சதவீதத்தைத் தாண்டுவதில்லை. பள்ளியில் மேத்ஸ் லிட்டரசிக்கு (கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும், அன்றாட வாழ்க்கைக் கணக்கைக் கற்பிக்கும் எளிய பாடம்) மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். கணக்கு வர என்ன செய்ய வேண்டும்?

பதில்:

உங்கள் மகள் சொல்வது உண்மைதான். அவளுக்குப் புரிகிறது. டர்பனில் மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இப்படிப் புரிந்தும் மார்க் வராத பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஒருவர் போட்ட கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு வேலை, வெற்றுத்தாளில் தானாகப் போடுவது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்துகொண்டே இரண்டாவதற்குத் தயாராகிறோம் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். எதிர்வீட்டு வாசலில் கோலம் போடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் நம் கைக்குக் கோலம் வந்துவிடாதே, அதுபோலத்தான்.

அந்த மணிக்கணக்கில் அவள் என்ன செய்கிறாள் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பாடநூலில் தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிப்பாள், தலையாட்டுவாள், சூத்திரத்துக்கு மஞ்சள் பேனாவால் கோடு போடுவாள். அப்புறம் பழைய வினாத்தாளையும் மெமோவையும் (விடைகளும் மார்க் பிரிப்பும் உள்ள திருத்தக் குறிப்பு) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேள்வியில் ஒரு கண், மெமோவில் ஒரு கண் என்று போவாள். மாணவர்கள் வழக்கமாகக் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 2013-ல் எடைபோட்டுப் பார்த்தார்கள். கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தருபவை என்றும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மிகுந்த பயன் தருபவை என்றும் முடிவுக்கு வந்தார்கள். கணக்குக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். நேற்று அவள் 'புரிந்தது' என்று சொன்ன ஒரு கணக்கை எடுங்கள். கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புத்தகமும் நோட்டும் போனும் வேறு அறையில் இருக்கட்டும். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டால் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்து அவள் மனம் உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்டில் தெரிய வேண்டியது வீட்டிலேயே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த நாற்பது சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பாடத்திட்டமே வினாத்தாளை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டியவை 20 சதவீதம், பழகிய வழிமுறைகள் 35, சிக்கலான வழிமுறைகள் 30, புதிதாக யோசித்துத் தீர்க்க வேண்டியவை 15. ஆக, முதல் இரண்டு படிகளுக்கு மட்டும் நூற்றுக்கு 55 மார்க். நாற்பதில் நிற்கும் பிள்ளைக்கு அந்த 55-க்குள்ளேயே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். 'என் பெண்ணுக்குக் கணக்கு மூளை இல்லையோ' என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். மூளையைச் சோதிக்கிற 15 மார்க்குப் பக்கம் அவள் இன்னும் போகவே இல்லை. பழக்கத்தால் வரும் மார்க்கைத்தான் இப்போது இழந்துகொண்டிருக்கிறாள், அதைப் பழக்கத்தாலேயே மீட்கலாம்.

மெமோவை எப்படிப் பயன்படுத்துவது என்பதிலிருந்து தொடங்குகிறேன். புத்தம்புதிய பாடம் என்றால் தீர்த்த கணக்குகளை முதலில் பார்ப்பதில் தவறே இல்லை. இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளை வரிவரியாகப் பார்க்கட்டும். ஒவ்வொரு வரியிலும் 'இந்த வரி எங்கிருந்து வந்தது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு மூடிவிட வேண்டும். மூடிவிட்டு அதே கணக்கைத் தானே போட வேண்டும், அடுத்து எண்களை மாற்றிய ஒன்றை, அப்புறம் சற்றே வேறுபட்ட ஒன்றை. நின்றுவிட்டால் உடனே மெமோவைத் திறக்கக் கூடாது. ஒரு பத்து நிமிடம் முட்டிப் பார்க்கட்டும்: படம் வரையலாம், கொடுத்ததைப் பட்டியலிடலாம், தெரிந்த ஏதாவது ஒரு வரியை எழுதிப் பார்க்கலாம். அப்படியும் நகரவில்லை என்றால், மெமோவின் மேல் ஒரு தாளை வைத்து மூடி, ஒரே ஒரு வரி மட்டும் தெரியும்படி இறக்க வேண்டும். அந்த வரி கிடைத்ததும் மறுபடி மூடிவிட்டு மிச்சத்தைத் தானே போட வேண்டும். இப்படி உதவி வாங்கிப் போட்ட கணக்கின் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அந்தக் கணக்கை வெற்றுத்தாளில் உதவியின்றிப் போட்டால்தான் புள்ளியை அடிக்கலாம்.

என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாகக் கேட்கிற ஒன்று தவறு நோட்டு. மலிவான நாற்பது பக்க நோட்டு போதும். டெஸ்டிலோ வீட்டிலோ தவறாகப் போன ஒவ்வொரு கணக்கும் அதில் ஏற வேண்டும். சரியான விடையை அழகாகப் பிரதியெடுத்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. எந்த வரியில் தவறு நடந்தது, அந்த நேரத்தில் என்ன நினைத்து அப்படி எழுதினேன், இனி எதைப் பார்த்தால் எச்சரிக்கையாக வேண்டும் என்ற மூன்றையும் எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டுதான் ஒரே தவறு மூன்று வருடம் உயிரோடு இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் பையன் ஒருவனின் தவறு நோட்டில் முக்கோணவியல் கணக்கு ஒன்று இருந்தது. 2 சைன் தீட்டா × காஸ் தீட்டா = காஸ் தீட்டா. பொதுத்தீர்வு காண வேண்டும். அவன் இரண்டு பக்கத்தையும் காஸ் தீட்டாவால் வகுத்துவிட்டான். சைன் தீட்டா = ½ என்று வந்தது. 30 பாகையும் 150 பாகையும் எழுதி, 360-இன் மடங்குகளைச் சேர்த்து முடித்துவிட்டான். பாதி மார்க் போய்விட்டது. காஸ் தீட்டா பூச்சியமாகவும் இருக்கலாமே! எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, காஸ் தீட்டாவைப் பொதுவாக வெளியே எடுத்தால், காஸ் தீட்டா = 0 என்பதிலிருந்து 90 பாகையும் அதோடு 180-இன் மடங்குகளும் கிடைத்திருக்கும். நோட்டில் அவன் இதை 'முக்கோணவியல் தவறு' என்று எழுதியிருந்தான். அதே நோட்டைப் பின்னால் புரட்டினால், பல வாரங்களுக்கு முன் எக்ஸ் வர்க்கம் = 5 எக்ஸ் என்ற சமன்பாட்டை எக்ஸால் வகுத்து, 5 என்று மட்டும் விடை எழுதி, பூச்சியத்தைத் தொலைத்திருந்தான். அது 'இயற்கணிதத் தவறு'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவனே சொன்னான், ரெண்டும் ஒண்ணுதான் சார் என்று. பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்காதே என்ற ஒரே விதிதான் இரண்டு பாடங்களிலும் அவனைத் தடுக்கியது. முக்கோணவியலை இன்னும் இருபது மணிநேரம் படித்திருந்தாலும் அது சரியாகியிருக்காது.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் போகும் மார்க்கில் பெரும்பங்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சரக்கில்தான் போகிறது. காரணிப்படுத்துதல், பின்னங்கள், அடுக்குகள், அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் மைனஸ் குறி. கல்வித்துறை ஒவ்வொரு மெட்ரிக் பரீட்சைக்குப் பிறகும், மாணவர்கள் எங்கே தவறினார்கள் என்று ஓர் ஆய்வறிக்கை வெளியிடுகிறது. அடிப்படை இயற்கணிதத்தில் ஓட்டை என்ற குறை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் மகளின் தவறு நோட்டில் இப்படிப்பட்டவை கூடினால், கூச்சப்படாமல் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, தினமும் பத்து நிமிடம் அதைப் போடட்டும். வேகமாகவும் தவறில்லாமலும் வரும்வரை போட வேண்டும். அங்கே கை தயங்கினால், வகை நுண்கணிதத்தில் யோசிக்க வேண்டிய மூளை, பின்னத்தைச் சுருக்குவதிலேயே களைத்துவிடும்.

அடுத்தது கலந்து போடுவது. பாடநூல் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். சைன் விதி ஒரு பாடம், அதன் கீழ்ப் பதினைந்து கணக்கு, எல்லாம் சைன் விதி. அடுத்து காஸ் விதி, பதினைந்து கணக்கு, எல்லாம் காஸ் விதி. பிள்ளை பதினைந்தையும் சரியாகப் போட்டுவிடுவாள். ஆனால் அவள் ஒருமுறைகூட எந்த விதி என்று முடிவெடுக்கவில்லை. பாடத்தலைப்பே சொல்லிவிட்டது. பரீட்சையில் ஒரு முக்கோணம் மட்டும் இருக்கும், தலைப்பு இருக்காது. இரண்டு பக்கமும் இடையிலுள்ள கோணமும் கொடுத்தால் மூன்றாம் பக்கத்துக்குக் காஸ் விதி. ஒரு பக்கமும் அதன் எதிர்க்கோணமும் ஜோடியாகத் தெரிந்தால் சைன் விதி. பரப்பளவு கேட்டால் பரப்பு விதி. இந்தப் பிரித்தறிதல்தான் உண்மையான பாடம். அது வரிசையாகப் போடும்போது வராது.

அடுத்த வருடம் எண் வரிசைகளிலும் இதே கதைதான். 3, 6, 9, 12 என்று போனால் கூட்டு வரிசை. 3, 6, 12, 24 என்று போனால் பெருக்கு வரிசை. 3, 6, 11, 18 என்றால் வித்தியாசங்கள் 3, 5, 7 ஆகி, இரண்டாம் வித்தியாசம் 2 என்று நிலைக்கிறது, ஆகவே இருபடி வரிசை. மூன்றும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. கலந்து போட்டவளுக்குத்தான் மூன்றாவது எண்ணில் கண் போகும்.

டக் ரோரரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில் இது நன்றாகத் தெரிந்தது. கடைசி மறுபார்வைக்கு ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் வைத்த டெஸ்டில், கலந்து பயின்றவற்றில் 74 சதவீதமும், வகை வகையாகப் பயின்றவற்றில் 42 சதவீதமும் எடுத்தார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. கலந்து போடும்போது நிறையத் தவறு வரும், மெதுவாகப் போகும், பிள்ளைக்குத் தான் பின்னோக்கிப் போவதாகத் தோன்றும். அந்த நேரத்தில் 'பாடம் பாடமாகவே போடுகிறேன்' என்று திரும்பிவிடுவார்கள். அப்போது நீங்கள் துணை நிற்க வேண்டும். செய்முறை எளிது: இதுவரை முடித்த பாடங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓரிரு கேள்வியைத் துண்டுத் தாள்களில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். தினமும் ஐந்தை அவள் எடுக்கட்டும். போடுவதற்கு முன், எது பாடம், எது முதல் அடி என்று வாயால் சொல்லட்டும். சில நாள் நேரமில்லை என்றால் அந்த முதல் அடியை மட்டும் சொல்லி அடுத்ததற்குப் போகலாம், அதிலும் பாதிப் பயன் கிடைக்கும்.

நாள் இடைவெளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிநேரம் ஒரே மூச்சில் உட்காருவதைவிட, அதே நேரத்தை வாரத்தில் ஐந்து நாளுக்குப் பிரித்தால் அதிகம் நிற்கும். மனிதன் எவ்வளவு வேகமாக மறக்கிறான் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னையே சோதனைப் பொருளாக வைத்து எழுதினார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி எடுத்துப் போட்டால் அந்த மறதியின் வேகம் குறைகிறது. தூக்கத்தைக் குறைத்துப் படிக்க விடாதீர்கள், கணக்கில் அது உடனே தெரியும்.

யூக்ளிட் வடிவியலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். கைவிடக் கட்டுப்படியாகாது. மெட்ரிக்கில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் 150 மார்க், மூன்று மணிநேரம். இரண்டாம் தாளில் முக்கோணவியலும் யூக்ளிட் வடிவியலும் சேர்ந்து 90 மார்க்கைச் சுற்றி வரும். அதில் வட்டத் தேற்றங்கள் முழுக்கப் பதினோராம் வகுப்பிலேயே முடிகின்றன, ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில்தான் கேட்கப்படுகின்றன. இப்போது விட்டால் அப்போது திரும்ப நடத்த யாருக்கும் நேரம் இருக்காது. இன்னொன்று: 2008 முதல் 2013 வரை மெட்ரிக் எழுதியவர்களுக்கு இந்த வடிவியல் கட்டாயமாக இல்லை, விருப்பப் பாடமான மூன்றாம் தாளுக்குத் தள்ளப்பட்டிருந்தது. 2014-ல்தான் இரண்டாம் தாளுக்குத் திரும்பியது. ஆகவே அந்த வருடங்களில் படித்த அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டால் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அது அவர்கள் குறையல்ல. பழைய வினாத்தாள் எடுக்கும்போதும் 2014-க்குப் பிந்தியவற்றையே எடுங்கள்.

வடிவியலுக்கு நான் சொல்லித்தரும் வழி இது. ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் 'கொடுத்திருப்பது', வலப்பக்கம் 'அதனால் கிடைப்பது' என்று எழுதச் சொல்வேன். விட்டம் என்றால் வட்டத்தில் செங்கோணம். தொடுகோடு என்றால் இரண்டு: ஆரத்துக்குச் செங்குத்து, அப்புறம் தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம் மறுதுண்டிலுள்ள கோணத்துக்குச் சமம். ஒரே வெளிப்புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடு என்றால் அவற்றின் நீளம் சமம். வட்ட நாற்கரம் என்றால் எதிர்க்கோணங்களின் கூட்டுத்தொகை 180, வெளிக்கோணம் உள்ளெதிர்க்கோணத்துக்குச் சமம், ஒரே துண்டிலுள்ள கோணங்கள் சமம். மையம் என்றால் மையக்கோணம் பரிதிக்கோணத்தைப்போல் இரண்டு மடங்கு. இந்தத் தாளை மனதிலிருந்து எழுத வர வேண்டும். பிறகு எந்தக் கேள்வி வந்தாலும், என்ன நிரூபிக்க வேண்டும் என்று பதறுவதற்கு முன், கொடுத்திருப்பதில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதனால் கிடைப்பதைப் படத்தில் குறிக்க வேண்டும். சமமான கோணங்களுக்கு ஒரே நிறம். படத்தைப் பெரிதாகத் திரும்ப வரையட்டும். பாதிக் கேள்விகள் இந்தக் குறிப்பிலேயே அவிழ்ந்துவிடும்.

மார்க் எப்படிப் போகிறது என்றும் தெரிய வேண்டும். வடிவியல் மெமோவில் கூற்றுக்கு ஒரு மார்க், காரணத்துக்கு ஒரு மார்க், சில இடத்தில் இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு மார்க். கோணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டுக் காரணம் எழுதாமல் விட்டால் அந்த மார்க் போச்சு. ஏற்றுக்கொள்ளப்படும் காரணங்களின் பட்டியலே கல்வித்துறையின் தேர்வு வழிகாட்டியில் இருக்கிறது, 'டேன் கார்ட் தியரம்' போன்ற சுருக்க வடிவங்களோடு. அதை அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டுங்கள், அந்தச் சொற்களிலேயே எழுதிப் பழகட்டும். நிரூபணமாகக் கேட்கக்கூடிய தேற்றங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அவற்றை நிரூபணத்தோடு தெரிந்துவைத்திருப்பது நிச்சயமான மார்க். படம் அளவுப்படி வரையப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று வினாத்தாளிலேயே எழுதியிருக்கும். ஆகவே 'பார்க்கச் செங்கோணம் மாதிரி இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு போட்டால் மார்க் கிடையாது.

மற்றப் பாடங்களில் மெமோ இன்னும் இரக்கமுள்ளது. ஒரு வரியில் தவறு செய்துவிட்டு, அந்தத் தவறான எண்ணை வைத்து அடுத்த வரிகளைச் சரியாகப் போட்டால், அந்த வரிகளுக்கு மார்க் உண்டு. அதனால் முதல் பகுதி வரவில்லை என்று மொத்தக் கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. அடித்துவிட்டு வேறு எழுதவில்லை என்றால் அடித்ததைத் திருத்துவார்கள். இரண்டு தடவை போட்டிருந்தால் முதலாவதைத்தான் திருத்துவார்கள், எனவே தவறான முதல் முயற்சியைக் கோடு போட்டு நீக்க வேண்டும். விடையை மட்டும் எழுதினால் முழு மார்க் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சிறு உதாரணம்: (எக்ஸ் + 6) முழுவதன் வர்க்கமூலம் = எக்ஸ் என்ற கேள்வியில் இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 3, −2 என இரண்டு விடை வரும். −2 பொருந்தாது என்று சொல்லி நீக்கும் அந்த வரிக்கே மார்க் இருக்கும். மெமோவை இப்படி, எந்த வரிக்கு டிக் விழுகிறது என்று பார்ப்பதற்காகத் திறக்கட்டும். தான் போட்டதைத் தானே திருத்தி மார்க் போடட்டும்.

நேரக் கணக்கையும் பழக வேண்டும். 180 நிமிடத்தில் 150 மார்க் என்றால் ஒரு மார்க்குக்கு 1.2 நிமிடம். வாரத்தில் ஒருநாள் 30 மார்க்குக்கான கலவைக் கேள்விகளை 36 நிமிடத்தில் கடிகாரம் வைத்துப் போடட்டும். முழு வினாத்தாள்களை இப்போதே தீர்த்துவிடாதீர்கள். கடைசி இரண்டு வருடத்துத் தாள்களைத் தொடாமல் ட்ரையல்ஸ் (மெட்ரிக் கடைசிப் பரீட்சைக்கு முன் நடக்கும் மாதிரிப் பரீட்சை) காலத்துக்கு வைத்திருங்கள். வினாத்தாளும் மெமோவும் கல்வித்துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சியாவுலா என்ற கல்வி நிறுவனத்தின் பாடநூல்களும் இணையத்தில் இலவசம்தான். வினாத்தாளோடு பின்னிணைப்பாகத் தரும் சூத்திரத்தாளில் எது இருக்கிறது, எது இல்லை என்றும் பார்த்துவைக்க வேண்டும். சைன், காஸ், பரப்பு விதிகள் அதில் உண்டு. சைன் வர்க்கம் + காஸ் வர்க்கம் = 1 என்பதும், 180 பாகையிலிருந்து கழிக்கும் வகைச் சுருக்கங்களும் இல்லை, அவை தலையில் இருக்க வேண்டும். கால்குலேட்டர் ஒரே மாதிரியே கடைசிவரை இருக்கட்டும். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் வைத்திருக்கும் கேசியோவில் அட்டவணை முறையும் புள்ளியியல் முறையும் உண்டு, இரண்டும் பழகியிருக்க வேண்டும். முக்கோணவியலுக்கு முன் அது டிகிரியில் நிற்கிறதா என்று பார்ப்பதும் பழக்கமாகிவிட வேண்டும்.

'எங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதே, எப்படி உதவுவது' என்று நீங்கள் நினைக்கலாம். தெரியாமலே பெரிய உதவி செய்ய முடியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், அன்று போட்ட ஒரு கணக்கை அவள் உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும். பள்ளியில் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆங்கிலத்தில் 'டேக் தி ஸ்கொயர் ரூட் போத் சைட்ஸ்' என்று மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். அதையே தமிழில் உங்களுக்குச் சொல்லும்போது மனப்பாடம் கைகொடுக்காது, என்ன நடக்கிறது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?' அவள் தயங்கும் வரியைச் சின்னதாகக் குறித்துவையுங்கள், மறுநாள் அதை ஆசிரியரிடம் கேட்கட்டும். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொன்னாலும் சரிதான். சலிப்பில்லாமல் கேட்கிற ஆள் வேண்டும், அவ்வளவே.

நாள்காட்டியையும் இப்போதே பாருங்கள். மெட்ரிக் கடைசிப் பரீட்சை அக்டோபர், நவம்பரில் நடக்கும், தீபாவளியும் அப்போதுதான் வரும். ட்ரையல்ஸ் செப்டம்பரில், அந்த மாத நடுவில் இங்கே நம் வீடுகளில் புரட்டாசி விரதம் தொடங்கிவிடும். விரதம், கோவில், விருந்தாளி என்று வீடு நிறைந்திருக்கும் மாதங்கள் அவை. அடுத்த வருடம் அந்த நேரத்தில் புதிதாக எதையும் கற்க வேண்டிய நிலை வரக் கூடாது என்றால் இந்த வருடமே பதினோராம் வகுப்புப் பாடம் கெட்டிப்பட வேண்டும்.

டியூஷன் வேண்டுமா என்றால், ஆசிரியர் போர்டில் போட, பிள்ளைகள் எழுதிக்கொள்கிற டியூஷன் அவளுக்கு வேண்டாம். அது ஏற்கெனவே அவளுக்கு நிறையக் கிடைக்கிறது. அவளைப் போடவிட்டு, பக்கத்தில் நின்று, தவறும் வரியில் கேள்வி கேட்கிற ஒருவர் கிடைத்தால் சேருங்கள். குழுவாகப் படித்தால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவரும் தனியாகப் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும்.

கடைசியாக மேத்ஸ் லிட்டரசி. அது மதிப்பில்லாத பாடம் என்று சொல்ல மாட்டேன். வட்டி, வரி, வரைபடம், தரவு என்று வாழ்க்கைக்குத் தேவையானது அதில் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அதுவே சரியான முடிவு. ஆனால் பொறியியல், மருத்துவம், கணக்கியல், கணினி அறிவியல் போன்ற பட்டப்படிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்கள் முழுக் கணிதத்தைக் கேட்கின்றன. கணிதத்திலிருந்து லிட்டரசிக்குப் போவது எளிது, அங்கிருந்து திரும்புவது மிகக் கடினம். அவள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று முதலில் கேளுங்கள். அந்தப் படிப்புக்குக் கணிதத்தில் எத்தனை சதவீதம் கேட்கிறார்கள் என்று இரண்டு மூன்று பல்கலைக்கழகக் கையேடுகளில் பாருங்கள். பாடத்துக்குத் தேர்ச்சி 30 சதவீதம் என்றாலும் பல்கலைக்கழகங்கள் கேட்பது அதைவிட மிக அதிகம்.

பள்ளியிடம் ஒரு தவணை (ஒரு டெர்ம்) அவகாசம் கேளுங்கள். பாடம் மாற்றக் கடைசித் தேதி என்ன என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தவணை முழுக்க மூடிவைத்துப் போடுவது, தவறு நோட்டு, கலவை டப்பா மூன்றையும் விடாமல் செய்யட்டும். தவணை முடிவில் மொத்த மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். திருத்திய விடைத்தாளை வாங்கிவந்து, தவறு நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தவறுகள் குறைந்து, போன மார்க்கெல்லாம் கடினமான கேள்விகளில் போயிருந்தால், மார்க் 48 ஆக இருந்தாலும் கணிதத்திலேயே இருக்கட்டும், ஏறிக்கொண்டிருக்கிறாள். உண்மையாக உழைத்தும் அதே அடிப்படைத் தவறுகள் அதே எண்ணிக்கையில் இருந்தால், அவளையும் ஆசிரியரையும் உட்காரவைத்து, அவள் போக விரும்பும் படிப்பை முன்னால் வைத்துப் பேசி, அந்தக் கடைசித் தேதிக்கு முன் முடிவெடுங்கள்.